எத்தனை லிட்டர் கறக்கும்?

மாடு வாங்கியிருக்கிறேன் என்று யார் சொன்னாலும், நம் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதானே? இதை மட்டுமே கேட்டுக் கேட்டு ஒரு மாட்டினத்தையே தொலைத்துவிட்ட கதை ஒன்று இருக்கிறது, சகோதரிகளே!

சுவிட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில் கிராவ்பூண்டன் என்ற மாநிலம். ஆல்ப்ஸ் மலைப் பிரதேசம். எங்கே திரும்பினாலும் சரிவுதான். ரோமானியர் காலத்தில் இந்தப் பகுதிக்கு ரேத்தியா என்று பெயர். அந்தப் பெயரைச் சுமந்த ‘ரேத்தியச் சாம்பல் மாடு’தான் அங்கே குடியானவர் வீட்டுச் செல்வம். விபூதி பூசினாற்போல உடம்பு. கறுப்பு மூக்கு, அதைச் சுற்றி, மாவுப் பானையில் வாயை வைத்தாற்போல ஒரு வெள்ளை வளையம்! சின்ன உருவம். பசு 400, 500 கிலோ இருந்தால் அதிகம்.

அப்புறம் பழுப்பு மாடு வந்தது. ஆள் பெரிசு, பாலும் கூடுதல். ஊர் ஊராகப் பழுப்புக் காளையோடு சேர்த்தார்கள். 1920-களில் சுவிட்சர்லாந்தில் சாம்பல் மாடே இல்லாமல் போயிற்று.

பாலைக் கணக்கிட்டவர்கள் மற்றதைக் கணக்கிடவில்லையே! பெரிய மாட்டுக்கு மேய்ச்சல் மட்டும் போதாது, தானியத் தீவனமும் வாங்கிப் போடவேண்டும். மழை ஈரத்தில் அதன் கனத்த குளம்பு சரிவின் புல்லைப் பெயர்த்துவிடும், மண் கரையும். சின்ன மாடோ புல்லையும் வைக்கோற்புல்லையும் தின்றே காலம் தள்ளும், மேடெல்லாம் லேசாக ஏறும், சுலபமாகக் கன்று ஈனும்.

நல்லவேளை! எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவின் டிரோல் மலைக்காரர்கள் தங்கள் சின்னச் சாம்பல் மாட்டை விடவில்லை. அழியும் இனங்களைக் காக்க 1982-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ‘புரோ ஸ்பெசியே ராரா’ என்ற அமைப்பு, 1985-இல் அங்கிருந்து மாடுகளைக் கொண்டுவந்து மறுபடி வம்சத்தைத் துளிர்க்கவைத்தது. இப்போது பல பண்ணைகளில் இதைக் கறப்பதே இல்லை. கன்று வயிறாரக் குடிக்கிறது!

இந்தக் கதை நமக்கும் தூரமில்லை. 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தில், அதே பழுப்பு இனக் காளைகள் மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டிக்கும் வந்தன. பால் பெருகியது நிஜம்தான். ஆனால் கலப்பினம் பெருகப் பெருக, கேரளத்தின் குட்டைப் பசுவான வெச்சூர் அருகிப்போய், 1989-இல் அதைத் தேடிப் பிடித்துக் காப்பாற்ற வேண்டி வந்ததே!

வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு நோட்டை நம் வீட்டில் ஒத்துக்கொள்வோமா? இனி மாடு வாங்கினவரிடம், “எத்தனை லிட்டர் கறக்கும்?” என்பதோடு, “என்ன தின்னும்? நம்ம மண்ணுக்குத் தாங்குமா?” என்றும் கேட்டுவையுங்கள். டிரோலில் சிலர் அப்படிக் கணக்குப் பார்த்து வைத்திருந்ததால்தான், தொலைத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு மாடு மிஞ்சியது.