கலர் அடிச்சா பொய்யா?

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எம்51 கேலக்ஸி படம் ஒண்ணை முடிச்சேன். ஆசையா நண்பன்கிட்ட காட்டினா ஒரே வார்த்தைல முடிச்சுட்டான்: "போட்டோஷாப் தானே மச்சி?" கடுப்பாகுமா ஆகாதா, நீங்களே சொல்லுங்க மக்களே!

ஹபிள் தொலைநோக்கி எடுக்கறது எல்லாமே கறுப்பு வெள்ளைதான். ஒரு ஃபில்டர் வச்சு ஒரு படம், மாத்தி வச்சு இன்னொரு படம். 2005 ஜனவரியில எம்51-ஐ எடுத்ததும் அப்படித்தான். 435, 555, 814 நானோமீட்டர் பக்கம் மூணு ஃபில்டர், ஹைட்ரஜன் ஒளிக்குன்னே 658-ல குறுகலா ஒண்ணு. அந்தக் கோப்பெல்லாம் யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். நான் செஞ்சது, நாலையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, 435-க்கு நீலம், 555-க்கு பச்சை, மத்த ரெண்டுக்கும் சிவப்பு கொடுத்ததுதான். குறைஞ்ச அலைநீளம் நீலம், கூடின அலைநீளம் சிவப்பு. என் இஷ்டத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு இல்லை இது.

உங்க செல்போன் மட்டும் என்ன பண்ணுதாம்? அதோட சென்சாருக்கும் கலர் தெரியாது. ஒவ்வொரு பிக்சல் மேலயும் சிவப்பு, பச்சை, நீலத்துல ஏதோ ஒரு குட்டி ஃபில்டர். விட்டுப்போன ரெண்டு கலரை அக்கம்பக்கத்தைப் பார்த்து கணக்கு போட்டு நிரப்புது. அதுல எடுத்த கல்யாண போட்டோவை யாராச்சும் பொய்னு சொல்றீங்களா?

"நேர்ல பார்த்தா இப்படியா தெரியும்?"னு அடுத்த கேள்வி வரும். தெரியாதுங்க. 814 பக்கம் வர்ற ஒளி நம்ம கண்ணுக்கே எட்டாது. எலும்பு முறிவும் தான் நேர்ல பார்த்தா தெரியறதில்லை. அதுக்காக எக்ஸ்ரேயைக் கிழிச்சுப் போட்டுட்டு மாவுக்கட்டு வேண்டாம்னு வருவீங்களா? :-) 2023-ல ஜேம்ஸ் வெப் எடுத்த எம்51 படம் வந்துச்சு. ஹபிள் படத்துல கறுப்பா ஓடற தூசிப் பாதையெல்லாம் அகச்சிவப்புல தகதகன்னு எரியுது. இதுல எது பொய்? ரெண்டுமே நிஜம்தான்.

பொய் எங்க இருக்குன்னும் சொல்லிடறேன். நானே பண்ணினதுதான். காஸ்மிக் கதிர் பட்டா படத்துல புள்ளி விழும். ஒரே ஃபில்டர்ல எடுத்த பல படங்களை ஒப்பிட்டா அது தானா மாட்டிக்கும், ஏன்னா ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல அதே இடத்துல இருக்காது. முதல் தடவை எனக்கு அந்தப் பொறுமை இல்லை, கையாலயே துடைச்சேன். சுருள் ஓரத்துல இருந்த சிவப்புப் புள்ளி ரெண்டு மூணும் அதோட போச்சு. அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தா எல்லா படத்துலயும் அதே இடத்துல இருக்கு. நட்சத்திரம் பிறக்கற ஹைட்ரஜன் மேகம்! அதைக் குப்பைன்னு நெனச்சு துடைச்சிருக்கேன். அந்தப் படத்தை யார் பொய்னு சொன்னாலும் வாயை மூடிக்கிட்டு கேட்டுக்கணும்.

அதனால "போட்டோஷாப்பா?"ன்னு கேக்காதீங்க. "எந்த ஃபில்டருக்கு எந்தக் கலர்? எதையாச்சும் அழிச்சியா?"ன்னு கேளுங்க. கேலக்ஸி படம் போடற சக பதிவர்களும் படத்துக்குக் கீழ அந்த ஒரு வரியை எழுதிடுங்க சாமி. அது இல்லேன்னா என் நண்பன் கேக்கறதுல என்ன தப்பு?