குத்துச்சண்டையா, எம்எம்ஏ-வா? சின்னத்திரையில் முந்துவது எது?

மலேசியர்களுக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. 1975-இல் முகமது அலி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் மோதினார். 2018-இல் அதே நகரில் மேனி பக்கியாவ், லூகாஸ் மத்திசேவை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். ஆனால் இன்று இளைஞர்கள் பலரின் கைப்பேசியில் ஓடுவது எம்எம்ஏ எனும் கலப்பு தற்காப்புக் கலை.

அப்படியென்றால் குத்துச்சண்டை தோற்றுவிட்டதா? எண்கள் வேறு கதை சொல்கின்றன.

2015-இல் மேவெதர் - பக்கியாவ் மோதலை அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.6 மில்லியன் பேர் தனிக் கட்டணம் செலுத்தி வாங்கினர். எம்எம்ஏ-வின் முன்னணி நிறுவனமான யூஎஃப்சி-யின் மிகப்பெரிய இரவு 2018-இல் நடந்த கபீப் - மெக்கிரகர் மோதல். அது விற்றது சுமார் 2.4 மில்லியன். ஒரே இரவு என்று பார்த்தால் குத்துச்சண்டைதான் ராஜா.

ஆனால் வருடம் முழுவதும் பார்த்தால் நிலைமை மாறுகிறது. யூஎஃப்சி ஒரே நிறுவனம். யார் யாருடன் மோதுவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. பெரும்பாலான வாரங்களில் போட்டி உண்டு. குத்துச்சண்டையிலோ நான்கு உலக அமைப்புகள், நான்கு வார்ப்பட்டைகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஏற்பாட்டாளர்கள். 2009-இல் பேசத் தொடங்கிய மேவெதர் - பக்கியாவ் மோதல் 2015-இல்தான் கைகூடியது. அப்போது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36.

காத்திருந்த ரசிகர்கள் மட்டுமல்ல, தொலைக்காட்சிகளும் சலித்துப்போயின. 45 ஆண்டுகள் குத்துச்சண்டையை ஒளிபரப்பிய எச்பிஓ 2018 இறுதியில் விலகியது. ஷோடைம் 2023-இல் விடைபெற்றது. மாறாக, யூஎஃப்சி 2025-இல் பாராமவுண்ட் நிறுவனத்துடன் ஏழு ஆண்டுகளுக்கு 7.7 பில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. 2026 முதல் அமெரிக்க ரசிகர்கள் ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

குத்துச்சண்டைக்கும் கதவு மூடிவிடவில்லை. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன், ஜேக் பாலுடன் மோதியதை உலகம் முழுவதும் 100 மில்லியனுக்கும் அதிகமானோர் நேரலையில் பார்த்ததாக நெட்பிளிக்ஸ் அறிவித்தது. சந்தாவைத் தவிர வேறு கட்டணம் இல்லை. ஆக, ரசிகர்கள் ஓடிவிடவில்லை; விலைதான் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது.

திரையில் வெல்வது ஒன்று, வீரரின் பைக்குப் போவது வேறு. குத்துச்சண்டையில் உச்ச நட்சத்திரம் வருமானத்தின் பெரும்பங்கை எடுத்துச் செல்கிறார். யூஎஃப்சி-யோ வீரர்களின் ஊதியத்தை அமுக்கி வைத்ததாகத் தொடரப்பட்ட வழக்கை 375 மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

இது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப்பில் 2017-இல் உலகப் பட்டத்திற்காகப் பென் ஆஸ்க்ரனுடன் மோதியவர் நம் மலேசிய வீரர் அகிலன் தாணி. பட்டம் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு தமிழ்ப் பெயர் ஆசியத் திரைகளில் ஒலித்தது.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றை மனதில் கொள்ளலாம். தொலைக்காட்சியில் எம்எம்ஏ-வின் கை ஓங்கியிருந்தாலும், ஒலிம்பிக்கில் இடம் பெற்றிருப்பது குத்துச்சண்டைதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியிலும் அது உண்டு.