மாணவரும் காலையுணவும்

கல்லூரி மலரில் இலக்கிய ஆராய்ச்சியும் அறிவியற் கட்டுரையும் விளங்கும் இடத்தில், உணவைப்பற்றி ஒரு மாணவன் எழுதப் புகுந்தால், 'இவனுக்கு வேறு பொருள் கிடைத்திலதோ?' என்று நகைப்பாரும் உளர். நகைப்பவர் நகைக்க. உணவு, தமிழ்ப் புலவர் பேசத் தகாததென்று ஒதுக்கிய பொருளன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைத் திறப்பவர், பச்சிலையும் வேரும் அங்கே இருக்குமென்று எதிர்பார்ப்பாராயின் ஏமாறுவர். பசியறிந்தும் அளவறிந்தும் உண்ணுதலையே வள்ளுவர் அங்கே விரித்துப் பேசுகின்றார். மணிமேகலையிலோ, உணவு குறையாத ஒரு பாத்திரம் கதையின் நடுவே நின்று சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகின்றது. ஆகவே சோற்றைப்பற்றிப் பேச யான் நாணவில்லை. நாண வேண்டியது வேறொன்று உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

நம் மாணவரிற் பலர் காலையில் உண்பதில்லை. உண்ணாமையை ஒரு குறையாகவும் கருதுவதில்லை. சிலர் அதனைப் பெருமையாகவே பேசுகின்றனர். இப்பழக்கம் அவரவர் உடலுக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, அது பிறருடைய பசியை நம் கண்ணினின்று மறைக்குந் திரையாகின்றது என்பதே என் கருத்து.

முதலில் நம் நாள் எவ்வாறு கழிகின்றதென நோக்குவோம். இரவு ஒரு மணிவரை கைப்பேசி. காலை ஏழரைக்கு எழுச்சி. எட்டு மணிப் பேருந்துக்கு ஓட்டம். வீட்டில் அன்னை இட்டலி எடுத்து வைத்திருப்பாள். 'நேரமில்லை அம்மா' என்ற ஒரு சொல்லோடு அது அங்கேயே ஆறிப்போம். முதல் இருபாடவேளையும் வெறுவயிறு. இடைவேளை மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தேநீர், ஒரு பப்ஸ் அல்லது சமோசா. நண்பகலில், கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறவாது, வாசற்கடையின் ஃபிரைடு ரைஸ். மாலையில் புட்டியிலடைத்த குளிர்பானம். விடுதியிலுள்ளார் சிலர்க்கு, மெஸ்ஸில் உணவு முடிந்த பின்னர், இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி வழியே பிரியாணி வந்து சேரும். கதிரவன் எழும்போது உண்ணாது, அவன் மறைந்து நெடுநேரம் ஆனபின் நிறைய உண்பது நம் வழக்கமாயிற்று.

இதனால் விளைவது யாது? நம் மூளை உடலின் எடையில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கே ஆயினும், உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கைத் தான் கொள்கின்றது. இரவு முழுதும் உண்ணாதிருந்த உடலோடு வகுப்பில் அமர்ந்து, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை மனத்திற் பதிக்க முயல்வோர் படும் பாட்டை யான் நன்கறிவேன். யானும் அவருள் ஒருவனே. ஆசிரியர் நூற்பாவை விளக்குவார். செவியோ இடைவேளை மணியை நோக்கும். மேலும், உணவோடு அருந்தும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் குருதிச்சோகை உடையவராகக் காணப்பட்டனர். நம் வகுப்புத் தோழியர் இக்கணக்குக்குப் புறம்பானவர் அல்லர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவுநெறியில், ஒரு நாளைக்குச் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்கு மிகலாகாது என்று கூறியுள்ளது. மாலையில் நாம் அருந்தும் 250 மில்லிக் குளிர்பானம் ஒன்றிலேயே பெரும்பாலும் அவ்வளவும் அடங்கிவிடும்.

இனி, என் ஊராகிய பிள்ளைப்பாக்கத்தைக் குறித்துச் சிறிது கூறல் வேண்டும்; என்னை? உணவின் அருமையை எனக்குக் காட்டியது அவ்வூரே. திருப்பெரும்புதூர் வட்டத்தில் ஏரியையும் அதன் பாய்ச்சலில் விளைந்த நெல்லையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. ஏரி நிரம்பினால் மிகைநீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்லும். உழவர் விடியலில் பழைய சோற்றை மோரிற் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்து உண்டபின்னரே வயலில் இறங்கினர் என்று எம் பாட்டியார் கூறுவர். இன்று ஊரையொட்டிச் சிப்காட் தொழிற்பூங்கா நிற்கின்றது. ஒரகடத்திற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் சுங்குவார்சத்திரத்திற்கும் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் இருள் பிரியுமுன் வந்து நிற்கும். காலை ஷிப்டுக்குச் செல்வோர் கையில் டப்பாவோடு ஏறுவர். யான் உறக்கத்தில் உணவை இழக்கும் நேரத்தில், என் வயதினரே ஆகிய அவர் தம் வேலையின் பாதியை முடித்திருப்பர்.

அவ்விளைஞர் உணவை எளிதாக எண்ணுவதில்லை. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலைசெய்த இளம்பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு தீங்காகி, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியரின் நிலை யாதென்று அறியாது கலங்கிய பெண்கள், 17-ஆம் நாள் இரவு திரண்டு சென்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் திறந்தது. ஆங்குச் செய்யும் பொருளை வாங்கும் ஆப்பிள் நிறுவனமே, விடுதியும் உணவறையும் தக்க நிலையில் இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெருவிடுதி ஒன்று திறக்கப்பட்டது. பதினெட்டும் இருபதும் நிரம்பிய பெண்கள், நல்லுணவு தமக்கு உரியதென்று ஓர் இரவு முழுதும் பனியிற் சாலையில் அமர்ந்தனர். நாமோ, வீட்டில் அன்னை அன்போடு படைத்ததை உண்ணாது எழுந்து போகின்றோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக.

இந்நிலையில், 'என் வயிறு, என் விருப்பம், பிறர்க்கு என்ன?' என்று கேட்போர்க்கு விடை கூறல் வேண்டும். காலையில் உண்ணாது வருவோரிடம் காரணம் கேட்டால், எல்லாரும் கூறும் விடை 'பசியில்லை' என்பதே. ஆனால் அவ்விடையைக் கூறுவோர் மூவகையினர். ஒருவன் நேரங்கழித்து எழுந்தவன். மற்றொருவன் உடல் மெலிய வேண்டுமென்று உண்ணாதவன். மூன்றாமவனோ வீட்டில் ஒன்றும் இல்லாமையின் உண்ணாதவன். முன்னிருவர் கூறும் சொல்லையே மூன்றாமவனும் கூறுகின்றான். அவர்கள் கூட்டத்தில் அவன் மறைந்து கொள்கின்றான்.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். சென்ற ஆண்டு என் பக்கத்து இருக்கையில் அமர்ந்த நண்பன் ஒருவன், இடைவேளைதோறும் சிற்றுண்டிச்சாலைக்கு வாராது, தண்ணீர்க் குழாயண்டை சென்று தன் புட்டியை நிரப்பிக் குடிப்பான், மீண்டும் நிரப்புவான். 'ஒட்டகமே, எத்தனை காதம் செல்லப் போகின்றாய்?' என்று யான் பலர் முன்னிலையில் கேலி செய்தேன். அவனும் எங்களோடு சேர்ந்து நகைத்தான். அவன் தாயார் நோயுற்று வேலைக்குச் செல்லாதிருந்த மூன்று திங்களும், அவனுக்கு நண்பகல் உணவே அந்நாளின் முதலுணவாக இருந்தது என்பதைப் பருவத் தேர்வு முடிந்தபின் வேறொருவர் வாயிலாக அறிந்தேன். யானும் அந்நாள்களில் காலையில் உண்டவனல்லேன். ஆதலின் அவன் 'பசியில்லை' என்றது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. யான் நாள்தோறும் உண்டு வருபவனாக இருந்திருப்பின், உண்ணாத ஒருவனை ஒருகால் அடையாளங் கண்டிருப்பேன். அன்று செய்த கேலியை நினைக்குந்தோறும் என் முகம் கவிழ்கின்றது.

தமிழ்நாடு மாணவர் பசியை நெடுங்காலமாக எண்ணிவந்த நாடு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு அளித்தது. 1956-இல் காமராசர் காலத்தில் அத்திட்டம் ஊர்தோறும் பரவலாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது பத்தாம் வகுப்புவரை சென்றது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. தொழிலாளர்க்கோ, 250 பேருக்கு மேற்பட்ட ஆலையில் உணவுச்சாலை வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. பள்ளிச் சிறுவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இடையே நிற்கும் கல்லூரி மாணவனுக்கு மட்டும், 'இவன் தானே உண்பான்' என்று உலகம் விட்டுவிட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று வந்தோர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டங்கள் பெண்களுக்கு 2022-இலும் ஆண்களுக்கு 2024-இலும் தோன்றின; அவை பேருதவியே. எனினும் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாயாகும் அத்தொகையைப் புத்தகமும் பேருந்தும் கைப்பேசியும் பங்கிட்டுக்கொண்டபின், வயிற்றுக்கு எஞ்சுவது சிறிதே.

ஆகவே யான் வேண்டுவது ஒன்று. முதல் மணிக்கு அரைமணி முன்னர், நம் கல்லூரி உணவறையில் ஒரு பொதுக்கஞ்சி வைத்தல் வேண்டும். அரிசிக்கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ, உடன் ஒரு பயற்றுச் சுண்டலும் துவையலும் போதும். இடைவேளையில் ஒரு தேநீருக்கும் ஒரு பப்ஸுக்கும் நாம் கொடுக்குங் காசுக்கு இது மிகாது. தத்தம் தட்டைத் தாமே கழுவி வைப்பாராயின் வேலையாளும் பலர் வேண்டா.

'வறியோர் பட்டியல் ஒன்று எழுதி, அவர்க்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் செலவு குறையுமே' என்று சிலர் கூறுவர். அவர் கருத்து நல்லதே; வழி நல்லதன்று. பத்தொன்பது வயதினன் பசியைத் தாங்குவான், பட்டியலைத் தாங்கான். என் நண்பன் அச்சீட்டை வாங்கியிருக்க மாட்டான், தண்ணீரையே குடித்திருப்பான். எல்லாரும் உண்ணும் பந்தியிலே அவனும் உண்ணுதல் கூடும். வாயிலில் ஒரு பெட்டி வைப்போம். இயன்றவர் இயன்றதை இடுக. இட்டவர் யார், இடாதவர் யார் என்று எவரும் நோக்கற்க. ஆசிரியப் பெருமக்களும் வாரத்தில் ஒருநாளேனும் அப்பந்தியில் எம்மோடு அமர்வார்களாயின், அது பெருஞ்சிறப்பாகும்.

'கல்லூரி என்பது சத்திரமோ?' என்று வினவுவோரும் இருப்பர். நூலகத்திற்கு விளக்கும் ஆய்வுக்கூடத்திற்கு நீரும் அமைப்பது எதற்கோ, கற்பவன் வயிற்றிற்குக் கஞ்சி அமைப்பதும் அதற்கே. ஆயினும் எல்லாவற்றையும் நிருவாகத்தின்மேற் சுமத்திவிட்டு நாம் உறங்குதல் முறையன்று. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை வைத்துவிடுதல் நம் கையில் உள்ளது. அன்னை கொடுக்கும் டப்பாவை நாணாது வகுப்பிற் திறத்தலும் நம் கையில் உள்ளது. பழைய சோறு ஏழைமையின் அடையாளம் அன்று. நம் முன்னோர் உடலுழைப்புக்கு அடிப்படையாய் நின்ற உணவு. அதனை உண்டேன் என்று சொல்ல நாணுவோன், தமிழ்ப்பண்பாட்டைப்பற்றி மேடையேறிப் பேசுவதில் பொருளில்லை.

கிறித்தவக் கல்லூரியிற் பயிலும் நமக்கு ஒரு விடியற்காலைக் காட்சி நினைவிருத்தல் வேண்டும். உயிர்த்தெழுந்த பெருமான், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் பெறாது இளைத்த சீடரைக் கடற்கரையிற் கண்டபோது, கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். அவர்களுள் பசித்தவன் எவன் என்று அவர் வினவவில்லை. எல்லாரையும் உண்ண அழைத்தார். பேதுருவை நோக்கி அவர் மும்முறை எழுப்பிய பெருவினா, உணவு முடிந்தபின்னரே எழுந்தது. நம் கல்லூரியும் நம்மிடம் நாள்தோறும் பல வினாக்களை எழுப்புகின்றது. அவ்வினாக்களுக்கு முன்னர் ஒரு கிண்ணம் கஞ்சி வைக்குமாறு பெரியோரை வேண்டுகின்றேன். நண்பர்காள், நாளைக் காலை அன்னையின் இட்டலியை உண்டு வருக. வந்தபின், பக்கத்தில் அமர்ந்திருப்பவன் 'பசியில்லை' என்று கூறுவானாயின், உடனே நம்பிவிடற்க.