தமிழ் உடைவது எங்கே?



இரு கணினிகளுக்கிடையே உரையாடல் நிரல் எழுதிப் பழகும் மாணவர் சொல்லும் குறை ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. தமிழில் நீண்ட செய்தி அனுப்பினால் நடுவே சிதைந்து விடுகிறது. உடனே, "தமிழ் கணினிக்கு ஒத்துவராது" என்னும் தீர்ப்பும் பிறந்து விடுகிறது. நம் பிள்ளைகளின் வாயிலிருந்தே இதைக் கேட்பதுதான் வேதனை. குற்றம் தமிழில் இல்லை, நிரலில்தான் உள்ளது.

கணினிகள் ஒன்றோடொன்று பேச உதவும் 'சாக்கெட்' அமைப்பு, 1983-ஆம் ஆண்டு பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் வெளிவந்தது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. இதன்வழி டிசிபி முறையில் போவது செய்தியன்று, பைட்டுகளின் ஓடை. ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அவ்வோடை அறியாது. ஒருமுறையில் அனுப்பியது இரு துண்டாகவும் வரலாம். இருமுறை அனுப்பியது ஒன்றாகச் சேர்ந்தும் வரலாம்.

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'வணக்கம்' ஐந்தெழுத்துச் சொல். மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடாதலால், 7 குறியீடுகள், 21 பைட்டுகள். பயிற்சி நூல்களில் வழக்கமாகக் காண்பதுபோல் ஒருமுறைக்கு 1024 பைட்டு என்று வாங்கினால், இடைவெளியில்லாத் தமிழில் 341 குறியீடுகள் போக ஒரு பைட்டு மிஞ்சும். அது அடுத்த குறியீட்டின் மூன்றில் ஒரு துண்டு! பைத்தான் அதைப் படிக்க மறுத்துப் பிழை காட்டும். 'கி' எனும் எழுத்து, ககரத்துக்கும் இகரக் குறிக்கும் இடையே அறுபட்டாலோ பிழைகூட வராது. குறி மட்டும் அடுத்த வரியில் தனித்து நிற்கும். ஆங்கிலச் செய்தியும் இப்படியே துண்டாகிறது. எழுத்து உடையாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இவ்விடத்தில்தான் 'ஸீரோஎம்கியூ' எனும் கட்டற்ற நிரலகம் கைகொடுக்கிறது. 2007-இல் பீட்டர் ஹின்ட்ஜென்ஸ், மார்ட்டின் சுஸ்ட்ரிக் ஆகியோர் தொடங்கிய பணி இது. இதில் செய்தி முழுதாக வரும்; இல்லையேல் வரவே வராது. எதிர்முனை இன்னும் எழவில்லையென்றால் காத்திருந்து இணையும். இணைப்பு அறுந்தால் தானே மீண்டும் இணைத்துக்கொள்ளும்.

வெறும் சாக்கெட்டில் தொடங்கினால்தான் அறிவு வளரும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. கணினிக் கழகத்துப் பிள்ளைக்கு முதலில் கிடைக்கவேண்டியது, தன் தமிழ்ச் செய்தி மறுமுனையில் பழுதின்றித் தோன்றும் மகிழ்ச்சி. அது கிடைத்தால்தான் மறுநாளும் வருவான். நிரலகத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பது உண்மையே. கேள்வி–விடை முறையில், விடை வருமுன் இரண்டாம் கேள்வி கேட்க இயலாது (நம் வகுப்பறையில் இவ்வொழுங்கு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!). ஒருவர் அனுப்பப் பலர் பெறும் முறையில், பிந்தி இணைந்தவருக்கு முந்திய செய்திகள் கிட்டா.

ஆயினும் எழுத்து ஏன் உடைந்தது என்பதை மறைத்துவிடவும் கூடாது. அதை விளக்கக் கணினியே வேண்டா. எழுத்தட்டைகளை வரிசையாகக் கைமாற்றி அனுப்பச் சொல்லுங்கள். பெறுபவர் நான்கு நான்காக எடுத்துப் படிக்கட்டும், சொற்கள் சிதறிப்போகும். பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எழுத்தின் எண்ணிக்கையை ஓர் அட்டையில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சொற்கள் முழுமையாகிவிடும். நிரலகம் உள்ளே செய்வதும் ஏறத்தாழ இதுவே. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.