முந்தானை மறைத்த கட்டி

"கட்டியைக் கண்டு எத்தனை நாளாயிற்றம்மா?" என்று கேட்கிறார் மருத்துவர். "ஆடியிலே" என்கிறாள் அந்தத் தாய். நடப்பதோ பங்குனி! இடையிலே நடவு முடிந்தது, அறுவடை முடிந்தது, மகளின் திருமணமும் முடிந்தது. கட்டி மட்டும் வளர்ந்தது. கணவனிடம் சொல்ல நாணினாள். மகனிடம் சொல்லக் கூசினாள். மாரியம்மனிடம் மட்டும் சொன்னாள்!

காட்சி நான் அமைத்தது, தோழர்களே. கதை நான் அமைத்ததன்று. இந்தியாவில் மார்பகப் புற்றுடன் மருத்துவமனைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் நிலையிலேதான் வருகின்றனர். மார்பகத்தோடு நிற்கையிலே கண்டுபிடித்தால், நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழக்கூடிய நோய் இது!

"எல்லாம் விதி" என்பார் உண்டு. விதியன்று, வகை என்கிறது விஞ்ஞானம். மார்பகப் புற்று ஒரே நோயன்று. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் ஏற்பிகள் உள்ள வகைக்கு டாமாக்சிபென் என்னும் மலிவான மாத்திரை உதவும். ஹெர்-2 மிகுந்த வகைக்கு 1998 முதல் டிராஸ்டுசுமாப் இருக்கிறது. விலைதான் ஏழையை மிரட்டுகிறது. மூன்றுமே இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகையோ விரைந்து பரவுவது, இளம் பெண்களை மிகுதியாகத் தாக்குவது. மேலை நாடுகளில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை காணப்படும் அவ்வகை, இந்திய ஆய்வுகளில் நாலில் ஒரு பங்கையும் தாண்டுகிறது.

வகையை எவளும் விரும்பிப் பெறுவதில்லை. விரைந்து வளரும் வகை, விழிப்புள்ளவளையும் ஏய்த்துவிடும். ஆகவே, "ஏன் முன்பே வரவில்லை?" என்று அவளைக் கடிந்துகொள்வது அறமாகாது. ஆனால் அந்த எட்டுத் திங்கள்? அது எந்த அணு செய்த வேலை? நாணம் என்று நாம் புகழ்ந்த விலங்கு செய்தது. அன்றாடக் கூலியை இழக்க அஞ்சிய வயிறு செய்தது. பேருந்து ஏறிப் போகவேண்டிய தொலைவு செய்தது!

1923-இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980-களில் பிறந்த சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், அன்று பெண்களிடையே முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுக்கு. இன்று மார்பகப் புற்றுக்கு. அண்ணாவையே 1969-இல் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த நாமா வாளாவிருப்பது?

கட்டியின் துண்டைச் சோதித்து வகையை அறியாமல் மருந்திடுவது, முகவரியில்லாமல் மடல் அனுப்புவது போன்றது. அச்சோதனை மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில், கட்டணமின்றி, காலந்தாழாமல் நடைபெற வேண்டும். யார் ஆண்டாலும் இதைக் கேட்போம்; நம்மவர் ஆண்டால் உரத்துக் கேட்போம்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிற்றூர்க் கூட்டமொன்றில், மேடை பல கண்ட நானே, "பெண்களுக்கு வரும் அந்த நோய்" என்று மென்று விழுங்கினேன். முன்வரிசை மூதாட்டி ஒருவர் எழுந்தார். "மார்புன்னு சொல்லு தம்பி, அதிலே பால் குடிச்சவன்தானே நீ!" என்றார். சொன்னேன். கூட்டம் கலைந்தபின், வந்திருந்த செவிலியரைச் சுற்றி நான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தனர்.