மரநாய்க்கு மருந்து வைக்க வேண்டாம்

வடமராட்சியில் இருக்கும் என் ஊர்ச் சனத்துக்கு,

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டு முகட்டில் மரநாய் குடியேறிவிட்டது, இரவிரவாக உருட்டுகிறது, பொறி வைக்கவா, மருந்து வைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தபடியால் நான் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்: இரண்டும் வேண்டாம்.

இந்த விசயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஸ்காபரோவில் கோடிப்புறப் படியில் இருந்து நீத்துப்பெட்டி இழைப்பதுதான் என் பின்னேர வேலை. (கனடாவில் ஸ்டீமர் கிடைக்காதா என்று கேட்கிற சின்னம்மாவுக்கு: கிடைக்கும். அதில் அவித்த புட்டில் ஓலை மணக்காது.) ஓலையை நனைத்து, சத்தகத்தால் வார்ந்து மடியில் போட்டுக்கொண்டு இருந்தால், இருட்டும்வரை எழும்ப மாட்டேன். ஒரே இடத்தில் இருக்கிற மனிசரைக் காட்டு விலங்குகள் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் அணில் வரும். உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் கோடு கிடையாது. இராமர் இந்தப் பக்கம் வரவில்லைப் போலும். ஸ்கங்க் வந்தால் மட்டும் மூச்சையும் அடக்கிக்கொள்வேன். அது வாலைத் தூக்கி நாற்றநீரைப் பீய்ச்சினால் பிறகு ஒரு கிழமைக்குக் கோயில் வாசலுக்கும் போக முடியாது.

பொழுதுபட்ட பிறகு ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, வாலில் வளையங்கள், மரநாயைவிடப் பருமன். வசந்தத்தில் ஈன்ற குட்டிகளை யூலையில் வரிசையாகக் கூட்டிவரும். அதன் முன்கால்களைப் பார்க்க வேண்டும். வேலியோர ஈரமண்ணில் புழுத் தேடும்போது கண் வேறெங்கோ இருக்கும். ஐந்து விரல்களும் தடவித் தடவித் தாமாக எடுக்கும். நானும் பின்னலைப் பார்த்து இழைப்பதில்லை. ஒருநாள் தாய் என் ஓலைக்கட்டை இழுத்து, ஒவ்வொரு வாராக உருவி உருட்டிப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று போட்டுவிட்டுப் போனது. குட்டியொன்று பாதிப் பெட்டிக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் கோடி முழுக்கச் சுற்றியது. சிரிப்பை அடக்கப் பட்டபாடு!

சாப்பாடு வைக்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. காட்டு விலங்குக்குத் தீனி போடுவது ரொறொன்ரோவில் 2023 முதல் குற்றம். அதற்காகச் சனத்துக்கு அவற்றில் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2015இல் யங் வீதியோரம் செத்துக் கிடந்த ரக்கூனுக்குக் கொன்ராட் என்று பேர் வைத்து, பூவும் மெழுகுதிரியும் படமும் வைத்து அஞ்சலி செய்த ஊர் இது. எனக்கே அது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக் கூரைக்குள் ரக்கூன் குட்டி போட்டது. அதை அகற்ற வந்த வேலைக்காரர் தாயைப் பிடிக்கவில்லை. பிடித்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். அவை நடக்கத் தொடங்கும்வரை விட்டு, பிறகு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவொன்றைத் துவாரத்தில் பொருத்தினார்கள். போனது திரும்ப நுழைய முடியவில்லை. பிடித்தாலும் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடக்கூடாது என்பது ஒன்ராறியோச் சட்டம்.

மரநாய் கள்ளுமுட்டியில் வாய் வைக்கும் என்ற பழி உண்மைதான். அதே மரநாய்தான் எலியும் பிடிக்கிறது, தின்ற பழத்தின் விதையை வளவு வளவாகப் போட்டுவிட்டும் போகிறது. பனங்காணியைத் துண்டு பிரித்து வீடு கட்டியவர்கள் நாங்கள். கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறியவர்களும் நாங்கள். ஆளில்லாத வீட்டில் ஒரு குடும்பம் இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஆனால் ஓடு உடையும், மழை ஒழுகும், அது சரி. ஆகவே பகலில் குட்டிச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அவை தாயோடு வெளியே திரியும்வரை பொறுங்கள். பிறகு ஒரு இரவு எல்லாம் இரைக்குப் போனதும், விலகிய ஓடுகளைச் சரிசெய்து, இடைவெளிகளுக்குக் கம்பிவலை அடியுங்கள். முகட்டைத் தொடும் மாங்கொப்பையும் தறிக்க வேண்டும், அதுதான் அதற்கு ஏணி. மேசன் கூலியை அண்ணையிடம் கொடுத்து விடுகிறேன். மாங்காயை நீங்களே பிடுங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, மேற்கு வளவுப் பிள்ளை