பூமியின் சூடும் பொதுப் பணமும்

கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பூமிக்கடியிலுள்ள வெந்நீருக்காக ஆழத் துளையிடுவதும் அப்படித்தான். துளை பொய்த்தால் போட்ட பணமெல்லாம் மண்ணோடு போகும். இந்த நட்டத்தை ஒரு சிற்றூர் எப்படித் தாங்கும்?

ஐஸ்லாந்து நாடு இதற்கு வழி கண்டது. துளையிட அரசு நிதியம் கடன் கொடுத்தது. வெந்நீர் கிடைத்தால் கடனைத் திருப்பித் தர வேண்டும். கிடைக்காவிட்டால் கடன் தள்ளுபடி! 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் இம்முயற்சி வேகம் பெற்றது. இன்று அங்கே பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீடுகள் பூமியின் சூட்டில் குளிர் காய்கின்றன.

வரிப்பணத்தை மண்ணில் கொட்டலாமா என்று சிலர் கேட்பர். பயன் ஊருக்கெல்லாம் என்றால் நட்டத்தையும் ஊரே பகிர்வதுதான் நியாயம். ஆனால் நட்டத்தை மட்டும் மக்கள் தலையில் கட்டிவிட்டு, இலாபத்தைச் சிலர் கொண்டுபோவது தகாது. வென்றவர் கடனைத் திருப்பினால்தான் அடுத்த ஊருக்கும் துளையிடப் பணம் இருக்கும் அன்றோ?

— பத்தாம் வகுப்பு மாணவி